ஆஃப் பண்ணிய புளூடூத்தும் சகலையின் தலைமுடியும்

செல்போன் வந்த புதிதில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தானாகவே நிபுணராகிவிடுவார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அவருடைய ஒரே தகுதி. எங்கள் வீட்டில் அது நான். பொம்மசந்திராவில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பம்புக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம்.)

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது; விவேக் நகரில் குடியிருந்தோம். என் மச்சினி சுமதியைப் பெண் பார்க்க, ஆனேக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. அதற்காக மாமனார் வாணியம்பாடியிலிருந்து சுமதியை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சட்டைப் பையில் புது போன், காதில் புளூடூத் கருவி. போன் அடித்தால் பச்சைப் பட்டனை அழுத்திப் பையில் போட்டுக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி பேசுவார்.

"மாப்ள, காலையில ஃபுல்லா சார்ஜ் போடறேன். மத்தியானமே செத்துப்போவுது. என்னன்னு பாருங்களேன்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். "புளூடூத் ஆன்லயே இருக்குது மாமா. அதான் பேட்டரியை உறிஞ்சுது. குழாயைத் தொறந்து விட்ட மாதிரி." (பம்புக்காரனுக்கு வேறென்ன உவமை வரும்?)

ஆஃப் செய்து கொடுத்தேன். அவர் காதில் இருப்பது அந்தப் புளூடூத்தை நம்பித்தான் ஓடுகிறது என்பது, சத்தியமாக, எனக்குத் தோன்றவே இல்லை.

சற்று நேரத்தில் போன் அடித்தது. மாமனார் வழக்கம்போல் பட்டனை அழுத்திப் பையில் போட்டார். "ஹலோ... சொல்லுங்க சார்... ஹலோ?" காதில் ஒன்றும் விழவில்லை. "மாப்பிள்ளையோட அப்பாதான். கட்டாயிடுச்சி போல" என்று சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த போட்டோவைக் காட்டினார். "பையன் எப்படி மாப்ள?"

அதுவரை அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. போட்டிக்கு ஒருவன் வருவதை மனது அவ்வளவு சுலபமாக ஏற்குமா?

"ஆளு நல்லாத்தான் இருக்கார் மாமா. முடிதான் ஸ்டூடியோக்காரன் வரைஞ்ச மாதிரி இருக்கு. ஃபேன் போட்டா பறந்துடும்!"

மாமனார் தொப்பை குலுங்கச் சிரித்தார். பையிலிருந்த போனும் சேர்ந்து குலுங்கியது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பாஸ்கர் நேராக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா என்னைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னார்: "சார், ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. எங்க பையன் முடி பறந்துடப் போவுது."

நான் எழுந்து போய் ஃபேனையே நிறுத்தினேன். அவர் தொடர்ந்தார்:

"போனை எடுத்தீங்க. நாங்க ஆட்டோல இருந்து ஹலோ ஹலோன்னு கத்தறோம், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கீங்க. ஸ்பீக்கர்ல போட்டு எல்லாருமே கேட்டோம்."

மாமனார் தரையைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். (அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டாமென்று இப்போதும் கேட்டுக்கொள்கிறாள்.) ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாஸ்கர் எழுந்து வந்து என் முன்னால் தலையைக் குனிந்தார். "ஒரிஜினல்தாங்க. இழுத்துப் பாருங்க."

சமையலறையில் டம்ளர்கள் உருளும் சத்தம், அதற்கு மேலே சுமதியின் சிரிப்பு. அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாஸ்கர் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கமே பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா, "சிரிக்கத் தெரிஞ்ச பொண்ணு. எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். பெண்ணுக்கும் பிடித்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காபி குடித்ததும் பாஸ்கர் மாமனாரின் போனை வாங்கி ஆராய்ந்தார். "புளூடூத் சும்மா ஆன்ல இருந்தா அவ்வளவா தின்னாதுங்க. இதுல பாம்பு கேம் இவ்ளோ தூரம் விளையாடினது யாரு?"

மாமனார் ஜன்னல் வழியாகத் தெருவை ரசிக்க ஆரம்பித்தார்.

இப்போது பாஸ்கர் எனக்குச் சகலை. அவர் மகளுக்கு நான் 'புளூடூத் பெரியப்பா'. தன் போனிலும் அப்படியே பதிந்து வைத்திருக்கிறாள். போன வாரம் அவளைக் கூப்பிட்டபோது அவளுடைய தோழி எடுத்தாள். "அங்கிள், என் ஹெட்செட் கனெக்டே ஆக மாட்டேங்குது. பேர்லயே புளூடூத்னு வருதே, நீங்க சர்வீஸ் சென்டர்தானே?"

"அதை மட்டும் என்கிட்ட குடுத்துடாதம்மா" என்றேன்.