போட்டோவில் தெரியவேண்டிய ஒற்றுமை

இன்று எங்கள் சாரம் ஏரியாக் கல்யாண மண்டபம் ஒன்றில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? மத நல்லிணக்கக்காரரை! ஊருக்கு நாலு பேர் இப்படி உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று மதத்தாரும் சேர்ந்து சிரித்தால் இவருக்குப் போதாது. எந்தப் பல் எந்த மதத்துப் பல் என்று போட்டோவில் தெரிய வேண்டும்.

இந்த இனத்தின் சாரம் கிளை, ஆதிமூலம். ஏரியாவில் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு மும்மதப் பாராட்டு விழா வைத்திருந்தார். காலேஜ் பஸ்ஸில் ஒன்றாகவே போய்வந்த லமீஸ், தீபலட்சுமி, செல்வகுமார் மூவரும் ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் கைவிட்டபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பதறி ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது, கலந்து உக்காந்துகினு? ஒத்துமை தெரிய வேணாமா? இந்து இந்தப் பக்கம், முஸ்லிம் நடுவுல... கிறிஸ்டியன் யாருப்பா?"

"நான்தான் சார், செல்வகுமார்."

"பேரப் பாத்தா தெரியலியே! அந்தச் சிலுவைய சட்டைக்கு வெளிய எடுத்துப் போடு."

பின்வரிசையில் லமீஸின் அப்பா, டெய்லர் அன்வருதீன். கல்யாண சீசனில் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். குடும்பத்தில் முதல் பட்டம். மகள் பேரையும் படிப்பையும் மைக்கில் ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள், ஊதுவத்தி ஏற்றினார்கள். குருக்கள், ஃபாதர், இமாம் மூவருக்கும் ஒரே நிறத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். சுருக்கமாகப் பேசி உட்கார்ந்த இமாமை, மற்றவர்களுக்குச் சமமாக நீளவில்லை என்று மறுபடி எழுப்பினார்கள். பாவம் அவர், "பசங்களக் கூப்புடுங்க பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அடுத்து, நம் இஸ்லாமியச் சகோதரி!" என்றார் ஆதிமூலம்.

பேர் இல்லை. படிப்பு இல்லை. அன்வருதீனின் முகம் தொங்கிப்போனது. லமீஸ் மேடைப் படியிலேயே நின்றாள்.

"ஏம்மா நிக்கிற? வா!"

"எந்தச் சகோதரி சார்? நெறைய பேரு இருக்கோமே."

மண்டபம் சிரித்தது. அவள் விறுவிறுவென்று ஏறி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"டெய்லர் அன்வருதீன் பொண்ணு லமீஸ். எம்.எஸ்சி. பிசிக்ஸ். அத்தா, கேக்குதா?"

அன்வருதீன் எழுந்தே நின்றுவிட்டார். தட்டித் தட்டி என் கை இன்னும் வலிக்கிறது!

"அடுத்து தீபலட்சுமி, பி.காம். ஏய், பாக்கெட்ட வெச்சிட்டு வாடி!"

ஆதிமூலம் திருந்தினாரா? கண் கலங்கி இன்னொரு மைக்கைப் பிடித்தார்: "பாத்தீங்களா! இஸ்லாமியச் சகோதரி இந்துச் சகோதரியக் கூப்புடுறாங்க! போட்டோ எடுப்பா!"

சிரிக்கிறீர்களா? "எங்க ஃப்ரெண்ட்ஸ்ல எல்லா மதமும் இருக்கு" என்று நீங்கள் விரல் மடக்கி எண்ணியதே இல்லையா? அப்படியென்றால் சரி. மடக்கியிருந்தால், ஆதிமூலத்துக்கு ஒரு துணைத்தலைவர் தேவைப்படுகிறார்.

இதைப் பகிருங்கள். மதத்துக்கு இத்தனை பேர் என்று, சரிசமமாக.