‘இன்னும் கொஞ்சம்’ நாயகி

என் தங்கை தையல்நாயகி இதுவரை ஜெயித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மெக்கானிக்குகள் கைவிட்ட ஓர் அம்பாசிடர் ஸ்பீடோமீட்டர். காலி டேங்க்கை எட்டு வருடமாக ‘ஃபுல்’ என்று காட்டி, கூனிமேட்டு பாய் ஒருவரை ஈ.சி.ஆர். முழுக்க வண்டி தள்ள வைத்த பெட்ரோல் மீட்டர். இடையஞ்சாவடியில் ஒரு வெள்ளைக்காரர் தம் கோழிக்கூண்டிலிருந்து கண்டெடுத்த ஜீப் ஆயில் மீட்டர். “பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்கு?” என்று கேட்ட எங்கள் தெரு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வருடம் முழுக்கக் கடலிலிருந்து வந்து இரும்பு என்று எதைக் கண்டாலும் நக்கிப் பார்க்கும் மரக்காணத்து உப்புக் காற்று.

அவளால் ஜெயிக்க முடியாதது ஒன்றுதான். வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல வராது.

இவள் ‘இன்னும் கொஞ்சம்’ இனத்தைச் சேர்ந்தவள். இந்த இனத்தாரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தாளித்து இறக்கிய குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றுகிறவர், பந்தலில் வாழைமரத்தைக் கட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்து அவிழ்க்கச் சொல்கிறவர், எங்கள் உப்பளத்தில் லாரி வந்து ஹாரன் அடித்த பிறகும் உப்புக் குவியலைப் பலகையால் தட்டித் தட்டிக் கூம்பாக்கிக்கொண்டிருக்கிறவர், கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அந்த ஆளுக்குச் சுளுக்கு வரவழைக்கிறவர், எல்லாரும் ஒரே குடும்பம்தான். எப்போது கேட்டாலும் பதில் ஒன்றே. “இன்னும் கொஞ்சம்.” எவ்வளவு கொஞ்சம்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். கையில் இருக்கும் பொருளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நாயகியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளா? மணிக்கட்டைப் பார்த்தாள். “உங்க வாட்ச் நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டா போவுது, கழட்டிக் குடுங்க” என்றாள். அவரும் கொடுத்தார். அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை பெண்ணுக்காக. இரண்டாம் முறை வாட்சுக்காக.

பழைய கார்களின் டேஷ்போர்டில் இருக்கிற மீட்டர்களும் கடிகாரங்களும்தான் இவள் தொழில். பாண்டியில் மீட்டர் கடை ஒன்றில் கற்றுக்கொண்டாள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த மீட்டரை மூடும் முன், மூடியின் உட்பக்கம் ஊசியால் தம் பெயரையும் தேதியையும் கீறி வைப்பார்கள். பின்னாளில் திறக்கிறவனுக்கு, முன்னால் யார் கை வைத்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? நாயகி இங்கே வீட்டு முன்னறையில் கடை போட்டு எட்டு வருடம். இதுவரை செய்தது முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்கள். எண்ணிக்கையை நம்பலாம், காலண்டரில் குறித்து வைப்பவன் நான். ஒன்றிலாவது பெயர் எழுதினாளா? கேட்டால், “எழுதற அளவுக்கு ஒண்ணும் இன்னும் சரியா வரலண்ணா” என்பாள்.

இந்த இனத்திடம் சிக்கியவர்களில் ஒருவர் கௌதமன் சார். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெரிய முதலியார்சாவடிக்காரர். அவர் அப்பா வாங்கிய 1958-ஆம் வருடத்துச் சீமைக் கார் ஒன்றை வைத்திருக்கிறார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பாண்டியில் பழைய கார்களின் கண்காட்சி. வேலை செய்யாத மீட்டர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போய்விடும். அவர் வண்டியில் ஓடாதது கடிகாரம் மட்டும். அதை டிசம்பரிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

“எங்க க்ளப்புல பதினோரு வண்டி இருக்குதும்மா. அத்தனை பேரும் இந்த க்ளாக் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் உன்கிட்ட வரலாமான்னு யோசிப்பாங்க. ஓடலன்னா எல்லாம் மெட்ராசுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்காத” என்றார்.

கடிகாரம் இரண்டே வாரத்தில் ஓடிவிட்டது. உள்ளே கரண்ட் தொட்டுப் போகிற, உப்புப் பூத்திருந்த பாயிண்டைச் சுத்தம் செய்ததும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ‘டக்’ என்று தானே சாவி கொடுத்துக்கொண்டு ஒழுங்காகப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் மூடிக் கொடுத்திருப்பார்கள். நாயகி? ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது என்று மறுபடி கழற்றினாள். சார் மூன்று தடவை வந்து திரும்பினார்.

“ஏம்மா, வண்டி வருஷத்துல ஒரு நாள்தான் வெளிய வருது. ஒரு நிமிஷம் லேட்டா காட்டினா என்னா?”

“அந்த ஒரு நாளும் தப்பாத்தான காட்டும் சார்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எட்டாம் தேதி, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டாயம் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆச்சரியம், காலையில் எல்லாம் தயார். பெரிய முள்ளுக்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்தாள். எங்கே? அரிசி டிரம்மில். எங்கள் பக்கத்தில் காற்றின் ஈரத்திலிருந்து எதையாவது காப்பாற்ற வேண்டுமானால் அரிசிக்குள் போடுவோம். தண்ணீரில் விழுந்த செல்போன், அம்மாவின் காது மிஷின், எல்லாம் அங்கேதான். நாயகியின் சின்னச் சாமான்களும் மாத்திரை டப்பாவில் மூடி அங்கேதான் இருக்கும். அன்றைக்கு டப்பாவை மூடவில்லை. பெயின்ட் இன்னும் கொஞ்சம் காயட்டுமே என்று திறந்தபடி அரிசிமேல் வைத்திருக்கிறாள்.

பதினொன்றரைக்கு நான் உப்பளத்திலிருந்து சாப்பிட வந்தபோது அவள் காலி டப்பாவுடன் நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணி, டிரம்ல அரிசி எடுத்தீங்களா?”

“எடுக்காம?” என்றாள் என் மனைவி ராசம்மாள் அடுப்பிலிருந்து. “உங்க அண்ணன் இன்னா உப்பையா துன்னுவாரு?”

“டப்பா கவுந்திருக்குது அண்ணி. உள்ள முள்ளு இல்ல.”

ராசம்மாள் பானையைப் பார்த்தாள். பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். சோற்றை வடித்து, பெரிய தாம்பாளங்கள் மூன்றில் கொட்டி, ஃபேன் போட்டு, ஆளுக்கு ஒரு தாம்பாளத்தின் முன் சம்மணமிட்டுப் பருக்கை பருக்கையாக நகர்த்திக்கொண்டிருந்தோம். நாயகி கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு சோற்றைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கௌதமன் சார்.

“என்ன முருகையன், விருந்தா?”

“முள்ளு தேடறோம் சார்.”

“என்ன மீன்?”

“உங்க மீன்தான் சார்” என்றாள் ராசம்மாள்.

விஷயம் புரிந்ததும் மனிதர் முகம் வெளிறிவிட்டது. “நாளைக்குத்தான் கண்காட்சின்னாலும் இன்னிக்கே ரெண்டு மணிக்குப் பதிவுக்கு வண்டியோட பாண்டியில நிக்கணும்மா, இல்லன்னா பேரையே எடுத்துடுவாங்க” என்றபடியே செருப்பைக் கழற்றி, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்ததும் அவர்தான். முப்பத்தைந்து வருடம் நோட்டு எண்ணிய விரல்கள் ஆயிற்றே.

பெயின்ட் நன்றாக இருந்தது. ஆனால் கரண்டியால் கிளறியதில் முள்ளின் நுனி வளைந்திருந்தது. நாயகி சாமணத்தால் பிடித்து நிமிர்த்தினாள். மறுபடி நிமிர்த்தினாள். ஒரு மயிரிழைக் கோணல் மட்டும் போகவில்லை. மணி பன்னிரண்டேகால்.

“சார், இன்னும் கொஞ்...”

“நாயகி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு, நான் பார்த்த வரையில் முதல் முறையாக, வாடிக்கையாளரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரி பேண்ட்டில் நான்கைந்து பருக்கை ஒட்டியிருக்க, அவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல நின்றுகொண்டிருந்தார். அவள் முள்ளை மாட்டினாள். ‘டக்’ என்றது. மூடியை எடுத்தவள், மூடாமல், ஊசியை எடுத்து உட்பக்கம் ஏதோ கீற ஆரம்பித்தாள்.

“முந்நூத்திப் பன்னெண்டுல எழுதல, இந்தக் கோணலுக்கா பேரு எழுதற?” என்றேன்.

“நல்லா இருந்தா யாரு செஞ்சாங்கன்னு எவனும் கேக்க மாட்டாண்ணா. கோணலா இருந்தா கேப்பான். பதில் சொல்ல ஆள் வேணும்ல?”

மறுநாள் மாலை சார் போன் செய்தார். கடிகாரத்துக்கு முழு மதிப்பெண். பதினோரு வண்டிக்காரர்களில் ஏழு பேர் அவள் நம்பரை வாங்கிக்கொண்டார்களாம். நாயகி கேட்டது ஒன்றுதான். “முள்ளு கோணலைப் பாத்தாங்களா சார்?”

“யாரும் பாக்கலம்மா!”

“அப்ப சரியா பாக்கல” என்று போனை வைத்துவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்த்தீர்கள்? வேறொருவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தை நேராக்கியது உண்டா? முந்நூற்றுப் பன்னிரண்டோடு இந்தக் கடிகாரத்தையும் சேர்த்தால் முந்நூற்றுப் பதின்மூன்று அல்லவா என்று நடுவில் ஒரு நொடி நின்றீர்களா? நின்றிருந்தால் நீங்களும் அந்த இனம்தான், உங்களுக்காக வெளியே ஒருவர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். கொடுத்து அனுப்பிவிடுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நாயகி மூடுவதற்கு முன் அந்த மூடியை வாங்கி, அவள் லென்ஸை என் கண்ணில் வைத்து, கீறியிருந்ததை எழுத்து விடாமல் படித்தேன். மூன்றே வரி.

முள் கோணல்.

மரக்காணம் தையல்நாயகி.

8.2.2025.