ஆட்சேபணை செய்த மணமகள்

பதிவாளர் அலுவலகத்தின் வாசலில், படிக்கட்டுக்கு இடது பக்கம், ஒரு மேஜையும் தட்டச்சு இயந்திரமும் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறந்தவர்கள் பிறந்தார்கள் என்றும், இறந்தவர்கள் இறந்தார்கள் என்றும், மணந்தவர்கள் மணந்தார்கள் என்றும் உறுதி செய்வது உள்ளே இருப்பவர்களின் கடமை. அந்தக் கடமையைச் செய்யும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்வது என் தொழில்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தம்பதி வந்தார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் மேலே ஏறி நின்றுபோன பெட்டியைக் கீழே இறக்கியவர். அந்த அம்மா தையல் கடை வைத்திருந்தார். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் ஒரே மகளுக்கு ஒன்பது வாரத்தில் பிரசவம். பக்கத்தில் யாரும் இல்லை. விசா கொடுக்கும் இடத்தில், கணவன் மனைவி சேர்ந்து போவதானால் திருமணப் பதிவின் நகல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இருவரும் முப்பத்தோரு வருஷத்துக்கு முன் இதே கட்டடத்தில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்போது கொடுத்த சான்றிதழ் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

சாதாரண விஷயம். ஐந்து வரியில் மனு அடித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மா மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அந்த வருஷத்துப் புத்தகத்தில் முதல் பாகம் இருக்கிறது, இரண்டாம் பாகம் இல்லை. என்றைக்கோ குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்தபோது இடம் மாற்றினார்களாம். எந்த இடத்துக்கு என்பது எழுதப்படவில்லை.

அப்படியானால் புத்தகம் தொலைந்துவிட்டது என்று ஒரு கடிதமாவது கொடுங்கள் என்றார் மெக்கானிக். அதற்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அலுவலகம் எதையும் தொலைப்பதில்லை. சில பொருட்கள் கிடைப்பதில் தாமதம் ஏற்படுகிறது, அவ்வளவுதான்.

பதிவாளரைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். பதிவாளர் நல்ல மனிதர். யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பதிவு இல்லைன்னா இந்த அலுவலகத்தைப் பொறுத்தவரைக்கும் உங்களுக்குக் கல்யாணம் ஆகலை. இதுல ஒரு நல்லது என்னன்னா, கல்யாணம் ஆகாத யாரும் கல்யாணம் பண்ணிக்கலாம். இன்னிக்கே மனு கொடுங்க. முப்பது நாள் நோட்டீஸ். முப்பத்தோராம் நாள் சுடச்சுடச் சான்றிதழ்."

"அப்போ முப்பத்தோரு வருஷமா நாங்க குடும்பம் நடத்தினது?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"அது உங்க சொந்த விஷயம்மா. அதுல எல்லாம் அலுவலகம் தலையிடறதில்லை."

வேறு வழி தெரியாமல் கல்யாண மனுப் படிவத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்தார்கள். புதிய படிவம் அது. இப்போதெல்லாம் அலுவலகங்கள் மக்களோடு இனிமையாகப் பழக வேண்டும் என்று ஒரு மோகம் கிளம்பியிருக்கிறதே, அதன் விளைவாகப் படிவத்தின் ஓரத்தில் ரோஜாப்பூ அச்சிட்டிருந்தார்கள். "நீங்கள் முதன்முதலில் சந்தித்துக்கொண்ட தருணத்தை நாற்பது சொற்களுக்கு மிகாமல் விவரிக்க" என்று ஒரு கட்டம். நான்காம் மாடியில் லிஃப்ட் நின்றுபோய் அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள், நான் திறந்துவிட்டேன் என்று மெக்கானிக் சொன்னார். பத்துச் சொல் கூட வரவில்லை. மிச்ச முப்பதையும் நான் போட்டு நிரப்பினேன்.

ஜோடிப் புகைப்படமும் கட்டாயம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இயல்பாகச் சிரிக்க வேண்டும் என்பது விதி எண் பதினொன்று. எதிர்ப்புறத்து ஸ்டூடியோக்காரர் மெக்கானிக்கிடம் அந்த அம்மாவைத் தூக்கிச் சுற்றச் சொன்னார். எல்லா மாப்பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்களாம். மெக்கானிக் முதுகுவலிக்காக இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டைக் காட்டினார். அதன்பிறகு பிளாஸ்டிக் பூவளைவுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இயல்பாகச் சிரித்தது ஸ்டூடியோக்காரர் மட்டும்தான்.

கடைசியில் ஒரு கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். "மணமாகாதவர்" என்ற இடத்தில் டிக் அடிக்க வேண்டும். மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொய் எழுத மாட்டேன் என்றார். இது பொய்யில்லை, அலுவலகத்தின் உண்மை என்று விளக்கினேன். மகளுக்காக என்று அந்த அம்மா மெல்லச் சொன்ன பிறகுதான் கை நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தார்.

அன்று சாயங்காலமே நோட்டீஸ் பலகையில் ஏறிவிட்டது. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கி, ஆட்சேபணை உள்ளவர்கள் தக்க ஆதாரத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று முடியும்.

நான்காம் நாள் தையல்காரம்மா மட்டும் தனியாக வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கவலை பிடித்திருந்தது. இந்த வருஷத்துத் தேதி போட்டுச் சான்றிதழ் வந்தால், இருபத்தொன்பது வயது மகள் கல்யாணத்துக்கு இருபத்தொன்பது வருஷம் முன்னாலேயே பிறந்தவளாகிவிடுவாள். விசா கொடுப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது? அவளுக்குத்தான் என்ன சொல்வது?

"ஒரு ஆட்சேபணை மனு எழுதணும்" என்றார்.

யாருடைய கல்யாணத்துக்கு என்று கேட்டேன்.

"என்னோடதுக்குத்தான். இந்த ஆளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு, நான்தான் அவர் பொண்டாட்டின்னு எழுதுங்க."

ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தேன். பிறகு புதிய தாள் சொருகினேன். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக ஒரு மனுவையும் அடித்ததில்லை. ஆதாரமாக மகளின் பிறப்புச் சான்றிதழை இணைத்தோம். தகப்பன் பெயர், தாய் பெயர், அவர்களுடைய திருமணத் தேதி எல்லாம் அதில் இருந்தன. கொடுத்தது இதே அலுவலகம், ஐந்தாம் ஜன்னல்.

விசாரணைக்கு இருபதாம் நாள் அழைத்தார்கள். என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நில்லுங்கள் என்று அந்த அம்மா கணவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

ஆட்சேபணை செய்பவர் வந்திருக்கிறாரா என்று பதிவாளர் கேட்டார். தையல்காரம்மா எழுந்து, வந்திருக்கிறேன் என்றார். மணமகள் வந்திருக்கிறாரா என்று கேட்டார். அவரே மறுபடி எழுந்து, வந்திருக்கிறேன் என்றார். பதிவாளர் கோப்பைப் புரட்டி விதியைப் பார்த்தார். இரு தரப்பும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தனித்தனி நாற்காலி தரவேண்டும் என்று இருந்தது. ஆகவே மணமகளாகப் பதில் சொல்லும்போது ஜன்னலோரத்து நாற்காலியிலும், மனைவியாகச் சொல்லும்போது கதவோரத்து நாற்காலியிலும் உட்காரும்படி அந்த அம்மா கேட்டுக்கொள்ளப்பட்டார். அரை மணி நேரத்தில் ஏழு முறை இடம் மாறினார்.

பிறப்புச் சான்றிதழில் தம் அலுவலக முத்திரையைப் பார்த்ததும் பதிவாளரின் முகம் மாறிவிட்டது. அந்த முத்திரையைச் சந்தேகித்துப் பழக்கமில்லாதவர் அவர். மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல பொண்டாட்டி இருக்கறப்போ இன்னொரு கல்யாணத்துக்கு மனு போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்தது?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. வெட்கமா, சிரிப்பை அடக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பதிவாளர் ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்து, நல்லவேளை முன்கூட்டியே தெரிந்தது, இல்லையென்றால் உங்கள் வாழ்க்கை வீணாகியிருக்கும் என்று மணமகளுக்கு ஆறுதல் சொன்னார்.

மாலைக்குள் உத்தரவு தயாரானது. "மேற்படி மனுதாரர், ஆட்சேபணை செய்தவரை முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே முறைப்படி மணந்து இன்றுவரை கணவராக இருந்து வருவது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாவதால், மனு நிராகரிக்கப்படுகிறது." பழைய தேதியும் இருந்தது. வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. விசா அலுவலகத்தில் அதை ஒருமுறைதான் படித்தார்களாம். சான்றிதழைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார்களாம். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேத்தி பிறந்ததாக எனக்குத் தகவல் வந்தது.

ஊரில் இது பரவ எத்தனை நாள் ஆகும்? அந்த இரண்டாம் பாகத்தில் ஏறக்குறைய நானூறு ஜோடிகள் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து சொந்த மனைவியை மணக்க மனு போட்டார்கள். மனைவிமார் பின்னாலேயே வந்து ஆட்சேபித்தார்கள். அலுவலகமும் இதை மக்கள் நலத் திட்டமாக எடுத்துக்கொண்டு, எட்டாம் ஜன்னல் திறந்து, "துணைவர் ஆட்சேபணைப் படிவம்" அச்சிட்டது. அதிலும் ரோஜாப்பூ இருந்தது. அந்த ஆண்டு மிக அதிகமான கல்யாணங்களைத் தடுத்து நிறுத்தியதற்காகப் பதிவாளருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அந்தப் பதிவாளர் ஓய்வு பெறும் நேரம் வந்தது. ஓய்வூதியத்தில் மனைவி பெயரைச் சேர்க்கத் திருமணப் பதிவு வேண்டும் என்றார்கள். அவருடைய பதிவும் இரண்டாம் பாகத்தில்தான் இருந்தது. அவர் கலங்கவில்லை. வழி தெரிந்தவர். பூவளைவுக்குக் கீழே நின்று புகைப்படம் எடுக்க மனைவியை அழைத்துப் போனார், மனு போட்டார், நோட்டீஸை அவரே பலகையில் ஒட்டினார்.

இரண்டாம் நாள் அவர் மனைவி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு என்னிடம் வந்து, ஆட்சேபணை தெரிவிப்பது கட்டாயமா என்று விசாரித்தார். கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் தெரிவிக்கலாம் என்றேன்.

"தெரிவிக்கலைன்னா?"

"நோட்டீஸ்ல இருக்கறவருக்கு இதுவரைக்கும் கல்யாணமே ஆகலைன்னு அர்த்தம். அப்புறம் மணமகள் விருப்பப்பட்டு வந்தா கல்யாணம் நடக்கும்."

"விருப்பப்பட்டு வந்தா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முப்பது நாள் இருக்கிறதல்லவா, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு எட்டாம் ஜன்னல் மூடப்பட்டது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. பதிவாளர் படிக்கட்டில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த ஆண்கள் ஆளுக்கு ஒரு மூலையாக ஒதுங்கி, வீட்டுக்குப் போன் போட்டு, வழக்கத்துக்கு மாறான மரியாதையுடன் பேச ஆரம்பித்தார்கள்.

நானும் சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். நம்முடைய கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதா என்று என் மனைவியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றாள்.

எங்கே என்று மட்டும் சொல்லவில்லை.