காகங்கள் மறக்காத முகம்

வெயிலுக்கும் அல்லாமல், மழைக்கும் அல்லாமல், காகங்களுக்குப் பயந்து ஆண்டு முழுவதும் குடை பிடித்த ஒரே மனிதர் மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்துக் குடை மாமாதான். பம்பாயில் வேறெங்கும் அப்படி ஒருவர் இருந்திருக்க முடியாது என்று துணிந்து சொல்வேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மணமாகி நான் அங்கே குடிபோனேன். கீழ்த்தளத்தில் மாமாவும் கோமதி மாமியும்; பிள்ளைகள் இல்லை. பின்புறத் தோட்டத்தில் மாமி கறிவேப்பிலையும் கனகாம்பரமும் வளர்த்தாள். மாமா எதையும் வளர்க்கவில்லை, பார்த்தார். அணில் எந்தக் கிளையில் பகல் தூக்கம் போடும், கீரி எந்தச் சாக்கடை வழியாக வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆபீஸ் அவசரத்திலும் செடிகளுக்கிடையே நின்றுவிடுவார்.

"ஏன்னா, லோக்கல் ரயில் போயிடும்!" என்று மாமி கூவினால், "அடுத்த லோக்கல் வரும்டீ. இந்தச் செம்போத்து வராது" என்பார்.

குடைக்குக் காரணம் ஒரு கண்ணாடி. ஒரு கோடையில் தோட்டத்துப் பாதாம் மரத்தில் காகம் கூடு கட்டியது. உள்ளே என்ன நடக்கிறதென்று அறியாமல் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமி மடித்துணி உலர்த்தும் கோலின் நுனியில் தம் சவரக் கண்ணாடியைக் கட்டி, மொட்டைமாடியிலிருந்து நீட்டிக் கூட்டுக்குள் பார்த்தார். காகங்கள் தலையில் கொத்தி அனுப்பின. நான் கீழே போனபோது மாமி அவர் நெற்றியில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா இது?"

"ஒரு முட்டை சின்னதா இருக்கும்மா. குயிலோடது. பாவம், காக்காய்க்குத் தெரியலே. சொல்லலாம்னு போனேன்."

"அதான் நன்னா பதில் சொல்லியிருக்கே," என்றாள் மாமி, பற்றை அழுத்தியபடி. "காக்காய் பட்டு என் மடிக்கோலும் தீட்டாகி விழுப்பாப் போச்சு."

அந்த வட்டாரத்துக் காகங்கள் பிறகு அந்த முகத்தை மறக்கவே இல்லை. பால்காரரை விட்டுவிடும், தபால்காரரை விட்டுவிடும், மாமாவை மட்டும் ரயில் நிலையம் வரை துரத்தும். அடையாளம் தெரியாதிருக்க மாமா மீசை வளர்த்துப் பார்த்தார். மீசையோடு சேர்த்துக் கொத்தின.

மாமியிடமோ அவை குழந்தைகள். உச்சிப்பொழுதில் அவள் மதிலில் சாதம் வைத்து அழைத்தால், புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு இறங்கும். அவை தின்ற பிறகுதான் வீட்டில் இலை போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஜன்னலைச் சாத்திக்கொண்டு பசியோடு ஒளிந்திருக்க வேண்டும்.

"பித்ருக்களாம்! நம்ம பித்ரு யாராவது செத்த எலியைத் தின்பாளாடீ?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"எங்காத்துல இல்லே. உங்காத்துல எப்படியோ!" என்பாள் மாமி.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அவளுடைய முதல் திவசத்தன்று, பிண்டத்தை மாமாவே மதிலில் வைத்தார். காகங்கள் பாதாம் மரத்தில் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அப்போதும் இறங்கவில்லை. வைத்தவர் யார் என்பதை அவை கண்டிருந்தன. பொழுது ஏறியது.

"செம்பூர்ல இன்னொரு காரியம் காத்துண்டிருக்கு," என்று முனகினார் சாஸ்திரிகள். பிறகு மாமாவை அழைத்துத் தணிந்த குரலில், "மாமிக்கு ஏதாவது குறை இருந்திருக்குமோ?" என்றார்.

"அவளுக்கு என்மேல குறை கிடையாது ஓய். காக்காய்க்குத்தான்."

சொல்லில் இருந்த உறுதி மாமாவின் முகத்தில் இல்லை. காரணம் எங்கள் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், யாரும் தொடாமல் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சோற்றைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நான் வைக்கட்டுமா மாமா?" என்றேன்.

"வேண்டாம்மா. என் கையாலதான் அவளுக்குப் போகணும்."

உள்ளே போனார். திரும்பியபோது மாமியின் அரக்குப் புடவையை வேட்டிக்கு மேல் சுற்றி, மார்வாடிப் பெண்ணைப் போல முகம் மறைய முக்காடிட்டிருந்தார். அதன் கீழே நரைத்த மார்பும் பூணூலும் தெரிந்தன. மாடியில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மாமா மதிலருகே போய்ப் பிண்டத்தை எடுத்து மீண்டும் வைத்தார். மாமி அழைப்பதுபோலவே, கடைசியில் சற்று இழுத்து, "கா… கா…" என்றார். இரண்டாம் முறை குரல் உடைந்தது.

ஒரு காகம் இறங்கியது. பிறகு இன்னொன்று. அவர் கைக்கருகிலேயே நின்று தின்றன. அவர் அசையவில்லை, முக்காட்டுக்குள் தோள்கள் மட்டும் குலுங்கின.

அதன் பிறகு நாள்தோறும், ஆபீஸுக்குப் புறப்படுமுன், அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போய்வருவது வழக்கமாயிற்று. புதிதாகக் குடிவந்த ஒருத்தி ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "யார் அது, முக்காடு போட்டுண்டு?" என்று என்னைக் கேட்டாள்.

"கீழாத்து மாமி," என்றேன். "காக்காய்க்குச் சாதம் வைக்கறா."