பூசணி உடைந்தது பற்றிச் சோலோதுர்ன் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

ஊஸ்டர்,
சனிக்கிழமை, நவம்பர் 1.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் சச்சிதானந்தன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா புனிதவதி அவர்களுக்கும்,

மகேந்திரன் எழுதிக்கொள்வது. சோலோதுர்னில் குளிர் இறுகுமுன் உங்கள் முழங்கால் நோ ஒரு வழிக்கு வந்திருக்கும், சம்பந்தியம்மாவுக்குப் புதிய கண்ணாடி பழகியிருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வலது தோள் மட்டும் சற்று வலிக்கிறது. அதன் காரணம் நாலாவது விடயத்தில் வரும்.

நேற்று மாலை மருமகன் பிருந்தன் குடும்ப வட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பார்த்து நீங்கள் மூன்று கேள்விக்குறி அனுப்பியிருந்தீர்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவற்றுக்குப் பதில் எழுத என்னால் முடியாது. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் கூடவே வருகிறது. போதாததற்குப் பத்தொன்பது பேர் பார்க்கிற இடம். ஆகவே கடதாசியில் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை வருமாறு:

1. படுக்கை விரிப்பில் ஆறு ஓட்டைகள் வந்த விதம்.
2. விரல்கள் ஏன் உறைத்தன என்பது.
3. பிள்ளைகளின் பை ஏன் வெறுமையாக இருந்தது என்பது.
4. பூசணி. (படத்தில் என் கையில் தெரிவது இரத்தம் அல்ல.)
5. பிள்ளைகளை ஹோர்ட்டில் விடும்படி நீங்கள் வேணுகாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும், அதில் எனக்கு எவ்வித வருத்தமும் இல்லை என்பதும்.

ஓகஸ்ட் தொடக்கம் திங்களும் வெள்ளியும் மத்தியானத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் மதுஜாவையும் அபிஷனையும் நான்தான் பார்க்கிறேன். ஒரே கட்டடம்தானே, அவர்கள் இரண்டாம் மாடி, நான் நாலாம் மாடியில் தனியாள். தொடங்கும்போதே வேணுகா சொன்னவள், "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பம் அப்பா. உங்களுக்குக் கஷ்டமெண்டால் பள்ளிக்கூட ஹோர்ட்டில விடுவம், அங்க ஆறு மணி வரைக்கும் வைச்சிருப்பினம்." உங்களுக்குக் கஷ்டமெண்டால் என்று அவள் சொன்னது மரியாதைக்கு. நீங்கள் சரிவராட்டி என்பதுதான் அதன் பொருள் என்று எனக்கு அன்றே விளங்கிவிட்டது. பெற்ற மகள் அதை வேறு எப்படிச் சொல்லுவாள்? அன்றிலிருந்து ஒரு பிழை வராமல் பார்த்தேன். மூன்று மாதம் வரவில்லை. நேற்று ஒரே மாலையில் நாலும் வந்தன.

நேற்று ஹலோவீன். முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், கடைகளில் பூசணிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலைக்காலத்தில் எப்போதும் பின்னேர ஷிவ்ற், வீட்டில் இருந்து ஒருநாளும் கண்டதில்லை. வேணுகா பல் வைத்தியரிடம் ஆறரை வரைக்கும் வேலை. ஆகவே செய்ய வேண்டியவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாள். விரிப்பில் இரண்டு ஓட்டை வெட்டி மதுஜாவைப் பேயாக்க வேண்டும். அபிஷனுக்கு வௌவால் செட்டை ஏற்கெனவே ஒட்டிக் காய்கிறது. சூனியக்காரியின் விரல் மாதிரி பலகாரம். பிள்ளைகளைக் கட்டடத்து வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவது. பூசணியை வாசலில் வைத்து உள்ளே விளக்கு. நான் அதை இரண்டு தரம் வாசித்து, வேறொரு தாளில் நேரம் போட்டு எழுதிக்கொண்டேன்.

முதலாவது விரிப்பு. இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி லோண்டரியில் விரிப்பு மடித்தவன் நான். ஓட்டை விழுந்த விரிப்பைக் கண்டால் தனியாக எடுத்து, மஞ்சள் துண்டு குத்தி, மேலாளுக்குச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவன் கையில் நல்ல விரிப்பையும் கத்தரிக்கோலையும் தந்தால் வெட்ட மனம் வருமோ? முதலில் அடிமட்டத்தால் பிள்ளையின் இரண்டு கண்ணுக்கும் இடைத்தூரம் அளந்தேன். ஐந்து சென்ரிமீற்றர். வெட்டினேன். ஆனால் அளக்கும்போது பிள்ளை கதிரையில் இருந்தாள், வெட்டியபின் எழும்பி நின்றாள், ஓட்டை நெற்றிக்குப் போய்விட்டது. இரண்டாம் சோடி காதடியில். மூன்றாம் சோடி சரி. பிழையான நாலுக்கும் வெள்ளைத் துணியில் ஒட்டுப்போட்டு, சரியான இரண்டுக்கும் விளிம்பு மடித்துத் தைத்து, அயன் பண்ணி, மடிப்புக் குலையாமல் போட்டுவிட்டேன். மதுஜா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மப்பா, பேய்க்கு அயன் பண்ணுறேல்லை" என்றாள். எனக்கு அது தெரியாது. கசங்கின விரிப்போடு ஒரு பிள்ளையை வெளியில் அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

விரல் விஷயத்தில் வேணுகா ஒரு படமும் வைத்திருந்தாள். பட்டர் பிஸ்கற் மாவை விரல் போல உருட்டி, நுனியில் பாதாம் பருப்பை நகமாகக் குத்தி, அடியில் இரத்தத்துக்கு ஸ்ரோபெரி ஜாம். வெதுப்பி எனக்குப் பழக்கமில்லை, எண்ணெய்ச்சட்டி பழக்கம். ஆகவே முறுக்கு மாவைக் குழைத்து விரலாக உருட்டிப் பொரித்தேன், நகமும் நின்றது. மிச்சம் ஜாம். வெள்ளை விரிப்பு உடுத்த பிள்ளையின் கையில் ஜாம் கொடுப்பதோ? ஸ்ரோபெரிக் கறை தொண்ணூறு பாகையில் தோய்த்தாலும் ஒரு நிழல் நிற்கும், இது என் அனுபவம். மிளகாய்த்தூள் என்றால் தட்டிவிடலாம். நிறமும் அதே சிவப்பு. யோசிச்சுத்தான் செய்தனான் சம்பந்தி, ஆனால் துணியைப் பற்றி யோசிச்ச அளவுக்கு நாக்கைப் பற்றி யோசிக்கேல்லை.

ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். இங்கேதான் மூன்றாவது பிழை. ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதோ? அறுபது விரலையும் ஒரு தட்டில் அடுக்கி, மேலே துவாயால் மூடி எடுத்துக்கொண்டேன். கதவு திறந்ததும் பிள்ளைகள் இரண்டும் "இனிப்போ புளிப்போ?" என்று டொச் மொழியில் கத்தினார்கள், அதுதான் வழக்கமாம். வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சொக்லேற் எடுத்துவரத் திரும்ப, நான் "ஐயோ வேண்டாம், வேண்டாம், நீங்கள் எடுங்கோ" என்று தட்டை நீட்டினேன். அவர் ஒரு விரல் எடுத்தார். நான் நன்றி சொன்னேன். பதினொரு வீட்டிலும் இப்படித்தான். இனிப்போ புளிப்போ என்று கேட்டுப் போனோம், கொடுத்தது உறைப்பு.

ஆறாம் வீடு தாண்ட மதுஜா படியில் நின்றுவிட்டாள். "அம்மப்பா! அவை தாறது, நாங்கள் வாங்கிறது! நீங்கள் ஏன் குடுக்கிறீங்கள்?"

"பிள்ளை, ஒருத்தற்ற வாசலில போய்ப் பையை நீட்டிக் கேக்கிறதோ? எங்கட குடும்பத்தில ஒருத்தரும் அப்படிச் செய்ததில்லை."

"எல்லாரும் செய்யினம்! லெவினும் செய்யிறான்!"

லெவின் என்பது மூன்றாம் மாடிப் பெடியன், மதுஜாவின் வகுப்பு. அவன் அந்த நேரம் தன் வீட்டு வாசலில் என் விரலைக் கடித்துவிட்டு, வாயைத் திறந்தபடி தண்ணீர்க் குழாய்க்கு ஓடிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

கீழ்வீட்டு ஹூபர் அம்மா கதவில் "ஹலோவீன் வேண்டாம், நன்றி" என்று எழுதி ஒட்டியிருந்தார். நான் அதை வாசித்துவிட்டுத் திரும்பினேன். அபிஷனுக்கு வாசிக்கத் தெரியாது, மணியை அமத்திவிட்டான். அவர் வந்து, "இது எங்கள் பழக்கமே இல்லை, நாங்கள் நவம்பரில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்போம், அதுதான் எங்கள் வழமை" என்றார். நான் "உண்மை, எங்களதும் இல்லை" என்று மூன்று தரம் மன்னிப்புக் கேட்டு, மரியாதைக்கு இரண்டு விரல் கொடுத்தேன். அவர் அந்த இடத்திலேயே ஒன்றைக் கடித்து, கண்ணைத் துடைத்து, மற்றதையும் கடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனிப் பூசணி. இதில்தான் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பதினொரு வீட்டிலும், அயன் பண்ணின பேயையும் வௌவாலையும் கண்டு, "ஜோ, ஹெர்ட்ஸிக்! எவ்வளவு வடிவு!" என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்தில் இத்தனை பேர் இரண்டு சின்னப்பிள்ளைகளைப் பார்த்து வடிவு, வடிவு என்றால் எங்கட ஆக்கள் என்ன நினைப்பினம்? பிள்ளைகளுக்குக் கண் பட்டுப்போகுமெண்டுதானே? நானே விஞ்ஞானம் படிச்சனான், இரண்டு வருடம் படிப்பிச்சும் இருக்கிறன், கண்ணூறு எண்டு ஒண்டு இருக்குதெண்டு நான் எழுத்தில தரமாட்டன். ஆனால் இருந்தால்? இறங்கி வாசலுக்கு வாறன், அங்க என்ன இருக்குது? பயங்கரமான முகம் வெட்டின பூசணிக்காய், உள்ளுக்க நெருப்பு, ஆவிகள் வாற நாள். எனக்கு அப்பதான் எல்லாம் வெளிச்சது. இந்தச் சனங்களும் எங்களை மாதிரித்தான் கண்ணூறு கழிக்குது! நாங்கள் நீத்துப்பூசணி, இவை செம்மஞ்சள் பூசணி, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பிடியெண்டால் வேணுகாவின்ர துண்டில கடைசிப்படி விடுபட்டுப் போச்சுது. முழுப் பூசணியை வாசலில வைச்சிட்டு விட்டால், இறங்கின கண்ணெல்லாம் அதுக்குள்ளயே இருக்குமே?

நான் அவசரப்படவில்லை. நாலாம் மாடிக்கு ஏறி, குங்குமமும் கற்பூரமும் எடுத்து வந்தேன். அந்நேரம் மதுஜா தன் பேயைக் கழற்றி வைக்க மேலே போயிருந்தாள். ஆனாலும் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று அபிஷனைக் கேட்டேன். "தம்பி, இதைக் கடைசியில உடைக்கிறதோ?"

"ஓம்!"

"நிச்சயமாவோ?"

"ஓம்! ஓம்! ஓம்!"

நாலு வயதுப் பிள்ளையிடம் உடைக்கிறதோ என்று கேட்டால் வேறு என்ன சொல்லும் என்பதை நான் சிந்தித்திருக்க வேண்டும். விளக்கை எடுத்துவிட்டுக் குங்குமத்தை உள்ளே கொட்டி, கற்பூரம் ஏற்றி, மதுஜா இறங்கி வந்ததும் இருவரையும் நிற்பாட்டி மூன்று தரம் சுற்றினேன். இருவருக்கும் ஒரே சிரிப்பு. பிறகு தலைக்கு மேலே தூக்கினேன். ஏழு கிலோவாவது இருக்கும். தோள் அப்போது பிடித்ததுதான்.

சத்தம் கேட்டுப் பதினொரு வீட்டுக் கதவும் திறந்தது. வாசற்கல்லெல்லாம் சிவப்பு, என் கையெல்லாம் சிவப்பு. ஒரு துண்டு ஹூபர் அம்மாவின் பூச்சட்டிக்குள். அவர் யன்னலைத் திறந்து, "கடைசியில் ஒருவராவது இந்தப் பூசணியை உடைத்தாரே!" என்று கை தட்டினார். ஆனால் மதுஜா தட்டவில்லை.

"அது என்ர பூசணி! ஆறு பல்லும் நான்தான் வெட்டினனான்! மூண்டு நாள் கரண்டியால கிண்டினனான்!"

அவள் நிலத்தில் இருந்து துண்டுகளைச் சேர்த்துப் பல்லைத் தேடினாள். நாலு பல் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து மருமகன் வேலையால் வந்து, ஒன்றும் கேளாமல் ரெலிபோனை எடுத்துப் படம் பிடித்தார். நீங்கள் கண்டது அதுதான். நான் கும்பிடுவது போல நிற்பது, உண்மையில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது.

வேணுகா வந்து கேட்டாள், "அப்பா, என்னத்தையப்பா உடைச்சனீங்கள்?" பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுதாளோ சிரித்தாளோ தெரியாது. இரண்டுக்கும் அவளுக்குச் சத்தம் ஒரே மாதிரித்தான் வரும்.

ஆகவே ஐந்தாவது விடயம். நான் வயோதிபன், பயந்தவன், துண்டில் எழுதியிருப்பதையே பிழையாக விளங்குகிறவன். ஹோர்ட்டில் படித்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், விரலுக்கு ஜாமைத்தான் பூசுவார்கள். இதை என் மகளுக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. மாமா நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். கிறிஸ்மஸ் வரைக்கும் காத்திராமல் இப்போதே பதியச் சொல்லுங்கள். எனக்கு இதில் எவ்வித வருத்தமும் இல்லை. திங்களிலும் வெள்ளியிலும் வாசிக்க நிறைய இருக்கிறது.

பிள்ளைகளின் அப்பப்பாவுக்கும் அப்பம்மாவுக்கும் எல்லா நலனும் கிட்ட வேண்டுகிறேன்.

பணிவன்புடன்,
க. மகேந்திரன்

பி.கு.: ஞாயிறு, காலை பத்தரை. இன்று தபால் இல்லாதபடியால் கடிதம் மேசையிலேயே கிடக்கிறது. எழுதியதைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை, ஆகவே கீழே சேர்க்கிறேன். வேணுகா கோப்பிக்கு வந்திருந்தாள், வெள்ளிக்கிழமை பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அப்போது மணி அடித்தது. வாசலில் மதுஜாவும், ஆளுக்கொரு பூசணியோடு லெவினும் இன்னும் நாலு பிள்ளைகளும். ஹலோவீன் முடிந்துவிட்டதாம், தங்களுடையதையும் நான் தலைக்கு மேலே தூக்கி உடைக்க வேண்டுமாம். எரியிற விரல் இன்னும் இருக்கிறதோ என்று லெவின் கேட்டான். நான், இன்று ஞாயிறு, சத்தம் போடக்கூடாது, கட்டட விதி இருக்கிறது என்றேன். மதுஜா அவர்களைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு வாங்கோ. திங்கட்கிழமையில அம்மப்பா எப்பவும் இருப்பார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இருப்பீங்கள்தானே?" என்றாள்.

நான் அந்த ஐந்து பூசணிகளையும் எண்ணத் தொடங்கினேன். பின்னால் இருந்து வேணுகா, "பிள்ளை கேக்குது, சொல்லுங்கோவன் அப்பா" என்றாள்.

ஓம் என்றுவிட்டேன்.

எனவே சம்பந்தி, முதல் நாலு விடயங்களும் நான் எழுதியபடியே சரி. ஐந்தாவதில் வருத்தம் இல்லை என்று எழுதியது பிழை. எழுதும்போதே அது பிழை. வேணுகாவிடம் தயவுசெய்து ஒன்றும் சொல்ல வேண்டாம்.