எங்களுக்கும் தோட்டந்தான்

"எங்களுக்குத் தோட்டம்தான்" என்று யாழ்ப்பாணத்துச் சிவபாதம் போனில் சொன்னதும், மாரிசாமி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

மகள் துஷாந்தினி, கூடப் படித்த பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பையனின் அப்பாதான் இந்தச் சிவபாதம். அவர் போய்த் தோட்ட முதலாளியாக இருந்தால் என்ன செய்வது? ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையில் முப்பது வருடமாகக் கவ்வாத்துக் கத்தியால் தேயிலை வெட்டும் மாரிசாமி, எந்த முதலாளியோடும் போனில் பேசியதில்லை.

ஆனால் எதையும் மறைத்துப் பெண் கொடுக்க அவருக்கு மனமில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருப்பதில் வெட்கமும் கிடையாது.

"எங்களுக்கும் தோட்டந்தானுங்க" என்றார் நிமிர்ந்து.

"நல்லதாப் போச்சு. எத்தினை பரப்பு?"

பரப்பு என்ற யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கு மாரிசாமிக்குத் தெரியாது. "ஆயிரம் ஏக்கர் இருக்குமுங்க."

"ஆயிரமோ?" என்றார் சிவபாதம். நம்பவில்லை போலும் என்று மாரிசாமி விவரமாகச் சொன்னார். "பெக்டரி, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் உள்ளுக்கயே இருக்கு. ஐந்நூறு பேரு வேல செய்றாங்க. நானும் தெனம் வேலைக்குப் போறேன்."

"நீங்களுமோ? பெரிய மனசு உங்களுக்கு" என்றார் சிவபாதம்.

அடுத்த ஞாயிறு வேன் வந்தது. சிவபாதம் மூட்டையொன்றைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் அவருடைய அக்கா. முதலாளிக்கு இவ்வளவு பணிவா என்று மாரிசாமி உருகிப்போனார்.

"எங்கட தோட்டத்து வெங்காயம்" என்றார் சிவபாதம்.

"தோட்டத்துல வெங்காயமா?"

துஷாந்தினி அப்பாவின் காதைக் கடித்தாள். "அவங்க ஊர்ல தோட்டம்னா மரக்கறி போடுற காணிப்பா. அவரேதான் கொத்துறாரு, அவரேதான் தண்ணி எறைக்கிறாரு."

மாரிசாமிக்கு அப்பாடா என்றிருந்தது. மறு நொடியே இன்னொன்று உறைத்தது. அப்படியானால் இவர்கள் நம்மை யாரென்று நினைத்து வந்திருக்கிறார்கள்?

அவர் வாயெடுப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தோட்டத்து மனேஜர் றோய் துரை, விருந்தாளிகளைப் பார்த்து மரியாதைக்கு இறங்கினார்.

சிவபாதம் அவரை அன்போடு விசாரித்தார். "தம்பி, இவரிட்ட எத்தினை வருஷமா வேலை செய்யிறியள்? நல்லா நடத்துறவரோ?"

லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று மாரிசாமி முன்னால் வந்தார்.

"ஐயா, இவருதான் தொர. நான் கவ்வாத்து வெட்டுறவன். ஆனா எங்க தோட்டம்னு சொன்னது பொய்யில்லீங்க. எங்க முப்பாட்டன் காட்ட வெட்டி நட்டது இது. அந்தா தெரியுற மலையில என் கத்தி படாத செடி ஒன்னு காட்டுங்க பாப்போம்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அது அவருக்கே பெருமையாக இருந்தது.

சிவபாதம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை பேசாதிருந்த அக்காக்காரி, வீட்டுக்குள் போகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே றோய் துரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெட்டிக் கொத்திறவர்தானே தோட்டக்காரர், சம்பந்தி சரியாத்தான் சொன்னவர். அப்ப இந்தத் தம்பிக்கு இஞ்ச என்ன வேலை?"