ஆடியில் பிரித்துப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்

மரக்காணம்
30.8.2005

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் உயர்திரு சிவப்பிரகாசம் அவர்களுக்கு, உப்பளம் பஞ்சநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் மனைவி அம்சவல்லியும், தங்கள் மருமகள் செந்தமிழும், இந்த வருஷத்து உப்பும் நலம். திண்டிவனத்தில் தாங்களும் சம்பந்தியம்மா விருத்தாம்பாள் அவர்களும் மூட்டுவலி குறைந்து சுகமாக இருக்க வேண்டுமாய் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் நானும் பேனாவைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை எதற்காகத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அதுகூட உமக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும் ஐயா. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அந்த வெயில் தாய்க்கும் ஆகாது பிள்ளைக்கும் ஆகாது என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. அப்படியிருக்க, "என் மகன் தணிகைவேல் ஆடி முழுக்க உங்கள் வீட்டு மாடியிலேயே கிடந்தானாமே, எங்கள் பங்காளி சிங்காரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வண்டியைப் பார்த்தானாமே, இதற்குச் சரியான பதில் வராமல் மருமகளை அழைத்துப்போக வரமாட்டேன்" என்று முடித்திருக்கிறீர்கள். ஆவணியில் பாதி ஓடிவிட்டது. "இன்னும் பொண்ண கூப்பிட வரலையா?" என்று தெருவே கேட்கிறது. என் மகள் வாசல் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. பெற்ற வயிறு எரியுது சம்பந்தி. அதனால் நடந்ததை ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுகிறேன். படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு இருக்குதுன்னு.

எல்லாம் அந்த ரெண்டு கம்ப்யூட்டரால வந்த வினை. மாப்பிள்ளைக்கு ஒண்ணு, விளையாடறதுக்குன்னே வாங்கினது. என் பொண்ணுக்கு ஒண்ணு, படிக்கறதுக்குன்னு என்கிட்ட சொல்லி விளையாடறதுக்கு வாங்கினது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் தனியா பேசட்டும்னு விட்டோமே, என்ன பேசினாங்கன்னு நெனைக்கிறீங்க? உன் மிஷின்ல என்ன கார்டு, என் மிஷின்ல என்ன கார்டு, இதான் பேச்சு. கல்யாணம் ஆனதும் ரெண்டையும் பிரிச்சு, நல்லதையெல்லாம் சேத்து ஒண்ணா பண்ணிடறதுன்னு அப்பவே முடிவாயிடுச்சாம். மாப்பிள்ளை மிஷின்ல படம் காட்டற கார்டு சூப்பரு, ஆனா அத சொருவற போர்டு பழசு. இவளோட போர்டு புதுசு, கார்டு எங்க ஊரு உப்புக் காத்துல பச்சை பூத்துப் போச்சு. எனக்கு இது நல்லாவே புரிஞ்சுது. அளத்துக்குத் தண்ணி எறைக்க ரெண்டு பழைய ஆயில் இன்ஜின பிரிச்சு ஒரு இன்ஜின் பண்றதில்லையா, அந்த மாதிரி.

ஆடி பொறந்த அந்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை அவரு மிஷின போர்வையில சுத்தி வண்டி பின்னாடி கட்டிகிட்டு வந்தாரு. "மாமா, இத குடுத்துட்டு ஒடனே கெளம்பிடறேன்"னாரு. குடுத்தாரு. கெளம்பல. ஏன்னா பிரிச்சிப் பாத்தாதானே எத வெச்சிக்கறது எத தள்றதுன்னு தெரியும்? மாடி ரூம்ல ரெண்டு மிஷினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ஒக்காந்தாங்க. கதவ சாத்துனாங்களான்னு கேட்டிருக்கீங்க. சாத்தச் சொன்னதே நான்தான்! கம்ப்யூட்டர தொறந்து போட்டுட்டு கடல் பக்கத்து கதவ தெறந்து வெச்சா என்னா ஆவும்? உப்புக் காத்து என்ன செய்யும்னு எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா? இரும்பு கேட்டையே தின்னுட்டுப் போற காத்து. "டேய், யாரும் மாடிக்குப் போயி கதவ தட்டாதீங்கடா"ன்னு வேலையாளுங்ககிட்ட வேற சொல்லி வெச்சேன். ஜன்னல் சந்துல துணி அடைச்சதுகூட நானேதான்.

உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிடாதீங்க. மாடிப்படியில ஒக்காந்து காது குடுத்து கேட்டுகிட்டுதான் இருந்தேன். மொதல்ல சண்டை. "உன் பெட்டி வேணாம், என் பெட்டிதான்"னு இவ. "உன்னுதுல நீல லைட்டு எரியுதுன்னு நானும் அத வெச்சிக்கணுமா?"ன்னு அவரு. அப்புறம் சிரிப்பு. அப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் சத்தம் இல்ல. இன்ஜின் வேலையில அதான் முக்கியமான எடம் சம்பந்தி, நல்ல மெக்கானிக் யோசிக்கும்போது பேசமாட்டான். ஒரு ஸ்க்ரூ கழட்டவே மத்தியானம் பூரா ஆயிடுச்சுன்னா பாத்துக்கங்க எவ்ளோ நுணுக்கமான வேலைன்னு. காப்பி எடுத்துகிட்டுப் போறேன்னு நான் எந்திரிச்சா, என் வீட்டுக்காரி டம்ளர புடுங்கிகிட்டு, "ஏங்க, ஒங்களுக்கு உப்புதான் தெரியும், அத மட்டும் பாருங்க"ன்னுட்டா.

இப்பிடியே ஆடி பாதி போயிடுச்சு, மிஷின் மட்டும் சேரல. எந்த போர்டுன்னு முடிவானா எந்த பவர் பொட்டின்னு கேள்வி வருது. பவர் பொட்டி முடிவானா போர்டு மேல சந்தேகம் வருது. எனக்கு பொறுமை இல்ல, ஒங்களுக்கே தெரியும். ஒரு நாளு அவங்க ரெண்டு பேரும் கோயிலுக்குக் கூழு ஊத்தப் போன சமயம் பாத்து நான் மேல போனேன். பாகமெல்லாம் பாயில பரத்தியிருக்குது. தொட்டா பிசுபிசுன்னு உப்பு. உப்பு ஏறின பொருள என்னா செய்யணும்? எங்க ஊருல சின்ன கொழந்தைய கேட்டாலும் சொல்லும், நல்ல தண்ணியில கழுவி, வெயில்ல காய வெச்சி, வெளக்கெண்ண தடவணும். என் இன்ஜின் அப்பிடித்தான் ஓடிகிட்டு இருக்குது. நானும் ஒரு கொடம் குடிதண்ணி எடுத்து, தேங்கா நாரு போட்டு, ஒவ்வொண்ணையும் பதமா தேய்ச்சி கழுவி, உப்பு காயப்போடற தார்ப்பாயில வரிசையா வெச்சி, எண்ணையும் போட்டேன். பளபளன்னு இருந்துச்சு.

திரும்பி வந்து பாத்த என் பொண்ணு, "ஐயோ அப்பா!"ன்னு தலையில கைய வெச்சிகிட்டு ஒக்காந்துட்டா. வேற மாப்பிள்ளையா இருந்தா அன்னிக்கே செருப்ப மாட்டிகிட்டுப் போயிருப்பாரு. ஒங்க புள்ளைய நீங்க வளத்த வளர்ப்ப நான் என்னான்னு சொல்றது! தார்ப்பாயப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, என் பொண்ணப் பாத்தாரு. "பரவால்ல மாமா, எண்ணைய எடுக்கணும், முழுசா காயணும், இன்னும் ரெண்டு வாரம் வந்து போவ வேண்டியிருக்கும், அவ்ளோதான்"னாரு. மூஞ்சில கோவம் துளி இல்ல. சொல்லப்போனா சந்தோஷமாத்தான் இருந்தாரு. அப்பிடி ஒரு தங்கமான மனசு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழம மட்டுமில்ல, ஈரம் காஞ்சிதான்னு பாக்க வேல முடிஞ்சி சாயங்காலமும் வந்தாரு. நான் செஞ்ச தப்பாலதான் அவருக்கு இவ்ளோ அலைச்சல், எனக்கே சங்கடமா இருந்துச்சு.

ராத்திரி தங்கினானான்னு கேட்டிருக்கீங்க. மழ பேஞ்ச அன்னிக்கு ஒரு நாளு தங்கினாரு, மறைக்கல. கீழ கூடத்துல என் பக்கத்துலதான் பாய் போட்டேன். காலையில பாத்தா பாய் காலி. பதறிப்போயி தேடினா, மாடியில இருந்து எறங்கி வர்றாரு. மழ சாரல் மிஷின்ல அடிச்சிடுச்சான்னு பாக்கப் போனாராம். பொறுப்ப பாத்தீங்களா?

கடைசியில என்னா ஆச்சு தெரியுமா? ஆடி பூரா சேராத மிஷின் ஆவணி பொறந்த மறுநாளே சேந்துடுச்சு. அவரு கார்டு, இவ போர்டு, அவரு பவர் பொட்டி, இவளோட நீல லைட்டு பெட்டி. ஒரு மணி நேரம்கூட ஆவல. பட்டன அமுக்குனா விர்ருன்னு எழும்புது. நல்ல மாசம்னா நல்ல மாசம்தான் சம்பந்தி, பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!

ஆகவே, அந்த மாடியில் கம்ப்யூட்டர் வேலையைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. உப்பில் கையடித்துச் சத்தியம் செய்கிறேன். உப்பு விளைவிக்கிறவன் அப்படிச் சத்தியம் செய்வது சாதாரண விஷயமில்லை என்பது தங்களுக்குத் தெரியும். இதை அம்சவல்லிக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், அழுதிருப்பாள். தாங்கள் கோபத்தை விட்டு, வருகிற நல்ல நாளில் சம்பந்தியம்மாவோடு வந்து, மருமகளையும் மிஷினையும் ஒன்றாக அழைத்துப்போக வேண்டும். வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
பஞ்சநாதன்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள செந்தமிழு கொல்லையில வாந்தி எடுத்துட்டா. பித்தம்னு நான் எலுமிச்சம்பழம் வெட்டப் போனேன். அம்சவல்லி கத்திய புடுங்கி வெச்சிட்டு டாக்டரம்மாகிட்ட கூட்டிகிட்டுப் போனா. சித்திரையிலயாம். சத்தியம் பண்ணின வரிய அடிச்சிடுங்க சம்பந்தி, நான் ஒரு மடையன். உங்க சார்பா ரெண்டு கேள்வி கேக்கலாம்னு மாடிக்குத்தான் போனேன். சேத்த மிஷின் ஓடுதான்னு பாக்க இன்னிக்கும் வந்திருந்த மாப்பிள்ளை எந்திரிச்சி நின்னு, "மாமா, எங்கப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்"னு என் கைய புடிச்சிகிட்டாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு, என்னா கேக்க முடியும்? வெயில நெனைச்சி பயப்படாதீங்க. சித்திரை வெயில் அடிச்சாத்தான் எங்களுக்கு உப்பு நல்லா விளையும். எங்க வீட்டுல அந்த மாசம் ஒண்ணு பொறந்தா, அத வேண்டாத நேரத்துல வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டோம். வாங்க.